வாகனத்தைக் கழுவுவது எப்படி? மெருகூட்டுவது எதற்கு?



வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் குடியிருப்போருக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். யன்னல் கம்பிக்கு வர்ணம் பூசி அதிக காலம் செல்வதற்குள் அது கொப்புளித்து, உள்ளேயிருந்து செங்கறள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். கதவுப் பிணைச்சல் முனகும். மின்விசிறியின் வலைக்கூண்டில் புள்ளி விழும். வீட்டுக்குள் இருக்கும் இரும்புக்கே இந்த நிலை என்றால், இரவும் பகலும் வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் கதி என்னவாகும்?

கொட்டாஞ்சேனையில் கதை வேறு. அங்கும் கடல் அருகில்தான் இருக்கிறது. ஆனால் அதைவிட அருகில் துறைமுகம் இருக்கிறது. கொள்கலன் லொறிகள் எழுப்பும் தூசியும், டீசல் புகைக் கரியும், ஆமர் வீதி நெரிசலில் முன்னால் நிற்கும் வாகனம் கக்கும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து வாகனத்தின் மேல் மெல்லிய கருப்புப் படலமாகப் படிகின்றன. விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். வெறும் தண்ணீருக்கு அது அசையாது.

நம் குடும்பங்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. காலையில் பிள்ளையைப் பாடசாலையில் விடுவதும், பகலில் புறக்கோட்டைக் கடைக்குச் சரக்கு எடுப்பதும், மாலையில் உணவுப் பொதி விநியோகித்து நாலு காசு சம்பாதிப்பதும் பல வீடுகளில் ஒரே வண்டிதான். இப்போது நம் சகோதரிகள் பலரும் ஸ்கூட்டியில் வேலைக்குச் செல்கிறார்கள். 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டிக்கும் புது வண்டியின் விலை கேட்கப்பட்டதை நாம் கண்டோம். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவன் தப்பினான். ஆகவே வண்டியைத் துப்புரவு செய்வது பற்றி ஒரு மாதப் பக்கத்தை ஒதுக்குவது வீணாகாது என்று நினைக்கிறோம்.

உப்பு செய்யும் வேலை

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசுகிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண் திவலைகளை அக்காற்று தூக்கிவருகிறது. நீர் ஆவியாகிவிடும்; உப்பு தங்கிவிடும். மெரைன் டிரைவ் ஓரமாக ஒரு மாலைப் பொழுது நிறுத்திய வண்டியின் கண்ணாடியை விரலால் தடவி நாவில் வைத்துப் பாருங்கள், கரிக்கும்.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும். சமையலறையில் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதை நம் தாய்மார் அறிவார்கள். அதே கசிவு வண்டியின் இடுக்குகளிலும் நடக்கிறது. மழை பெய்யாத நாளிலும் உப்புப் படிந்த இரும்பு ஈரமாகவே இருக்கும். அத்தோடு உப்பிலுள்ள குளோரைட், உலோகத்தின் மேலிருக்கும் இயற்கையான காப்புப் படலத்தைத் துளைத்துவிடும். பளபளக்கும் குரோமியப் பூச்சு பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்புக்கூட இராது. அதில் கண்ணுக்குப் புலப்படாத துவாரங்கள் இருக்கும். உப்பு நீர் அவற்றினூடே இறங்கி அடியிலுள்ள இரும்பைத் தின்னும். மேலே நமக்குத் தெரிவது ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி மாத்திரமே.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. உப்பைக் கழுவி அகற்றாமல் அதன் மேல் மெழுகு தேய்ப்பவர் எதிரியை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுகிறார். உலர்ந்த துணியால் காலையில் தூசி தட்டுபவரோ மணலையும் உப்புப் பரலையும் வர்ணத்தின் மேல் உரைத்துத் தாமே கீறல் போடுகிறார். எரிபொருள் தாங்கியின் மேல் வெயிலில் தெரியும் சிலந்தி வலை போன்ற கோடுகள் இப்படி உண்டானவைதாம்.

அழகு பிழையா?

"வாகனத்தைப் பளபளப்பாக வைத்திருப்பது பெருமைக்காரத்தனம் ஆகாதா?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அல்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 8 ஆம் வசனத்தில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைப் பற்றிச் சொல்லும்போது, ஏறிச் செல்லும் பயனோடு அலங்காரமும் சேர்த்தே குறிப்பிடப்படுகிறது. ஆகவே வாகனம் அழகாக இருப்பதில் குற்றமில்லை. குற்றம் வருவது வரிசை மாறும்போதுதான். தாங்கியில் முகம் பார்க்கலாம், பிறேக் பிடிக்காது. சைலன்சர் மின்னும், செயின் அறுந்துவிழும் நிலையில் தொங்கும். இப்படி எத்தனை வண்டிகள் ஓடுகின்றன! முதலில் உயிரைக் காக்கும் பாகங்கள், அடுத்து வண்டியைக் காக்கும் வேலை, கடைசியாகக் கண்ணுக்கு அழகு. இவ்வரிசையிலேயே செல்வோம்.

கழுவுமுன்

ஓடி வந்தவுடன் கழுவ வேண்டாம். சூடான என்ஜினிலும் சைலன்சரிலும் குளிர்ந்த நீர் படுவது உலோகத்துக்கு நல்லதல்ல. சவர்க்கார நீர் உடனே காய்ந்து கறையாகவும் ஒட்டிக்கொள்ளும். கையும் சுடும். அரை மணி நேரத்துக்கு மேல் நிழலில் விட்டு, கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறிய பின் தொடங்குங்கள். நேர் வெயிலில் கழுவினாலும் நீர்த்துளி காய்ந்து வட்டம் வட்டமாக வெள்ளைக் கறை விழும். சுபஹுக்குப் பின்னுள்ள நேரம் இவ்வேலைக்கு மிகப் பொருத்தமானது.

திறப்பை எடுத்துவிடுங்கள். சைலன்சர் வாயில் பழந்துணியைச் செருகுங்கள். அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், இல்லாவிட்டால் எடுக்க மறந்துபோகும். திறப்புத் துவாரத்தின் மேலும் கைப்பிடியிலுள்ள சுவிட்சுகளின் மேலும் சிறு பொலித்தீன் பையைக் கட்டுங்கள். சமதளத்தில் டபுள் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டபுள் ஸ்டாண்ட் இல்லாத வண்டியானால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். சிறு பிள்ளைகள் வண்டியின் சாய்ந்த பக்கத்தில் நிற்கக் கூடாது. 100 கிலோவுக்கு மேற்பட்ட எடை அது.

எத்தனை வாளி?

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுழூச் செய்ததும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையுள்ள நீரில் குளித்ததும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளன. ஒரு முத்து என்பது ஏறக்குறைய முக்கால் லீற்றர். மனிதர் குளிக்கவே மூன்று நான்கு லீற்றர் போதுமாயிருந்தது என்றால், ஒரு மோட்டார் சைக்கிளைக் கழுவக் குழாயை அரை மணி நேரம் திறந்துவிடுவதை என்னவென்பது? குழாயில் நிமிடத்துக்கு 10 லீற்றர் வருவதாக வைத்துக்கொண்டாலும் அது 300 லீற்றராகிறது. அவ்வளவும் களனி கங்கையிலிருந்து அம்பத்தலையிலோ, லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தோ எடுத்துச் சுத்திகரித்து, மனிதர் குடிப்பதற்காக நகருக்கு அனுப்பிய தண்ணீர்.

மூன்று வாளி போதும். ஒவ்வொன்றும் 10 லீற்றர். முதலாவது, தூசியையும் உப்பையும் நனைத்து இறக்குவதற்கு. இரண்டாவது, சவர்க்கார நீர். மூன்றாவது, அலசுவதற்கு. இவை தவிர ஒரு சிறு பாத்திரத்தில் துணியைக் கழுவிக்கொள்ளத் தண்ணீர் வைத்திருங்கள். அழுக்குத் துணியை நேரே சவர்க்கார வாளியில் தோய்த்தால், எடுத்த மணலையே மறுபடியும் வண்டியில் தேய்ப்பதாகும். மாடி வீட்டில் ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரைச் சேர்த்து வைப்போர் அதை அலசுவதற்குப் பாவிக்கலாம். அதில் சுண்ணாம்பு உப்புகள் மிகக் குறைவாதலால் கறை விழாது.

கழுவும் ஒழுங்கு

மேலிருந்து கீழே வர வேண்டும். கண்ணாடி, தாங்கி, ஆசனம், பக்க மூடிகள், அதன் பின் என்ஜின், கடைசியாகச் சக்கரமும் மட்கார்டின் அடிப்பகுதியும். அழுக்கு மிகுந்த இடம் இறுதியில் வருவதால் துணி கடைசி வரை ஓரளவு சுத்தமாக இருக்கும். முதல் வாளியை மெதுவாக ஊற்றி ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். காய்ந்த சேறு தானே இளகும்.

சவர்க்காரம் எது? உடுப்புத் துவைக்கும் சலவைத் தூள் வேண்டாம். அது காரம் மிகுந்தது. மெழுகை உரித்துவிடும், அலுமினியத்தை மங்கச் செய்யும், இடுக்கில் வெண்பொடியாகத் தங்கும். கடையில் விற்கும் வாகன ஷாம்பு ஒரு மூடி அளவு ஒரு வாளிக்குப் போதும். அது கிடையாத வேளையில் கோப்பை கழுவும் திரவத்தில் சில துளி விடலாம். அதுவும் மெழுகை அகற்றுமாதலால் பின்னர் புதிதாக மெழுகிட வேண்டும். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிசுபிசுப்புக்கு என்ஜின் அடியிலும் பின்சக்கர ரிம்மிலும் மாத்திரம் மண்ணெண்ணெய் தோய்த்த பிறஷால் தேய்த்து, உடனே சவர்க்கார நீரால் கழுவிவிடுங்கள். வர்ணத்திலும் பிளாஸ்ரிக்கிலும் றப்பரிலும் அது படக் கூடாது. பெற்றோலை இவ்வேலைக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். அதன் ஆவி தீப்பற்ற ஒரு பொறி போதும்.

உயர் அழுத்த நீர்ப் பீச்சியால் அடிப்பது சுலபமாகத் தெரியும். ஆனால் சக்கரத்தின் நடுவிலும் ஹேண்டிலின் கழுத்திலும் உள்ள பெயாரிங்குகளின் சீல்கள் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. நீர் உள்ளே போய்க் கிறீஸைக் கழுவிவிடும். சில மாதங்களில் ஹேண்டில் கரகரக்கும். வெளியே கொடுத்துக் கழுவுவோர் அவ்விடங்களுக்கு நேரே பீச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது.

மட்கார்டின் உட்பக்கம், ஸ்டாண்டின் ஸ்பிறிங், ஆசனத்தின் அடி, ஸ்போக் கம்பி ரிம்மில் சேருமிடம் ஆகிய நான்கும் எவரும் பாராத இடங்கள். கறள் தொடங்குவதும் அங்கேதான். பழைய பல் துலக்கும் பிறஷ் ஒன்றை இவற்றுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். கழுவும்போது கண்ணும் வேலை செய்யட்டும். இளகிய ஸ்குரு, வெடித்த றப்பர் குழாய், டயரில் ஏறிய ஆணி, ஒயில் கசியும் இடம், தேய்ந்த பிறேக் பட்டை ஆகியவை வண்டி சுத்தமாக இருக்கும்போதுதான் கண்ணில் படும். கழுவுவதால் வரும் மிகப் பெரிய இலாபம் இதுவே.

செயினும் விரலும்

இப்பகுதியைத் தயவுசெய்து வீட்டிலுள்ள இளைஞர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

செயினைச் சுத்தம் செய்யும்போது சிலர் வண்டியை டபுள் ஸ்டாண்டில் ஏற்றி, என்ஜினை இயக்கிக் கியரில் போட்டு, சுழலும் செயினில் துணியைப் பிடிக்கிறார்கள். கை அசையாமலே வேலை முடிந்துவிடும் என்ற எண்ணம். துணியின் ஒரு நூல் பற்களில் சிக்கினால் போதும். துணியோடு விரலும் செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் இடையில் சென்றுவிடும். மெதுவாகச் சுற்றும் கியரிலும் அதை நிறுத்தக் கைக்கு நேரம் கிடையாது. விரலை இழந்தவர்களுக்கு அது திரும்பக் கிடைப்பதில்லை. என்ஜின் நிறுத்தப்பட்டு, திறப்பு சட்டைப் பையில் இருக்க வேண்டும். சக்கரத்தைக் கையால், ரிம்மைப் பிடித்துச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். திருப்பும் நேரம் துணி செயினில் இருக்கக் கூடாது. நின்ற பின் துடையுங்கள். செயினுக்கு மூடி இல்லாத வண்டியில் பின்னால் அமர்வோரின் அபாயாவும் ஷோலும் பிள்ளையின் காலும் இதே ஆபத்தில்தான் இருக்கின்றன.

மண்ணெண்ணெயில் தோய்த்த பிறஷால் பழைய ஒயிலையும் மணலையும் எடுத்து, துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் செயின் ஒயில் இடுங்கள். தனி ஒயில் இல்லாவிட்டால் 80/90 இலக்க கியர் ஒயில் பல வண்டிகளின் கைந்நூலிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. ஒயில் விட வேண்டியது கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில். சுற்றும்போது அது வெளிநோக்கிப் பரவும். சில நிமிடம் விட்டு மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். வழிய வழிய விட்டால் தூசியை ஈர்த்து அரைப்பான் கல்லாக மாறும், பின்சக்கரத்திலும் தெறிக்கும். கழித்தெடுத்த பழைய என்ஜின் ஒயிலை விடுவது சிக்கனமாகாது. அதில் உலோகத் துகளும் கரியும் இருக்கின்றன.

உலர்த்துதல்

கழுவி அலசிய வண்டியை ஈரத்தோடு விட்டால் பாதி உழைப்பு வீண். நன்கு துவைத்து நைந்த பழைய பருத்திச் சாரத்தைப் போல் இதற்கு ஏற்ற துணி வேறில்லை. பொத்தானோ தையல் மடிப்போ இல்லாத துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பின் சைலன்சர் துணியைக் கழற்றி, திறந்த வெளியில் என்ஜினைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். வெப்பத்தில் இடுக்கு ஈரம் காயும்.

"திறந்த வெளியில்" என்பதை அழுத்திச் சொல்கிறோம். இன்று வெள்ளவத்தையில் தனி வீடுகள் இருந்த இடமெல்லாம் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. வண்டி நிற்பது நிலக்கீழ்த் தளத்திலோ நான்கு பக்கமும் மூடிய தரிப்பிடத்திலோதான். புகையோடு வரும் கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் ஆள் விழுந்துவிடலாம். மூடிய இடத்தில் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு ஒரு வேலையும் செய்ய வேண்டாம்.

அடுத்தது பிறேக். நீர் புகுந்த டிரம் பிறேக் முதலில் பிடிக்காது, பிறகு சட்டென்று இறுகும். டிஸ்க்கும் ஈரமாயிருந்தால் தாமதித்தே பிடிக்கும். கழுவியவுடன் காலி வீதிக்கு ஏறாமல், ஒழுங்கைக்குள் மெதுவாக ஓட்டி முன் பின் இரு பிறேக்குகளையும் பல முறை மென்மையாக அழுத்தி உலர்த்திக்கொள்ளுங்கள். ஈரமான வண்டியைப் பொலித்தீன் உறையால் மூடி வைப்பதும் தவறு. உள்ளே நீராவி தங்கி, மூடாத வண்டியைவிட விரைவில் கறள் பிடிக்கும். காற்றுப் புகும் துணி உறையே நல்லது.

மெருகும் மெழுகும்

இவ்விரண்டையும் பலர் ஒன்றென நினைக்கிறார்கள். மெருகுப் பசை என்பது மிக மென்மையான அரம். அது வர்ணத்தின் மேற்படலத்தைச் சிறிது தேய்த்துக் கீறலை மறைக்கிறது. வர்ணம் முழுவதும் சேர்ந்தே ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். வாராவாரம் மெருகிட்டால் சில வருடங்களில் அடிப்பூச்சு தெரிய வரும். வருடத்துக்கு ஓரிரு முறை, அதுவும் மங்கிய இடத்தில் மாத்திரம் போதும். மெழுகு எதையும் தேய்க்காது. உப்பும் நீரும் வர்ணத்தைத் தொடாதபடி மேலே ஒரு மெல்லிய போர்வை விரிக்கிறது. பிரேசில் நாட்டில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு இதற்குப் பெயர் பெற்றது. சுத்தமான, உலர்ந்த, நிழலில் நிற்கும் வண்டியில் மெல்லிதாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் வேறொரு துணியால் துடைக்க வேண்டும். கடற்கரைப் பக்கத்தவர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் நல்லது.

தேங்காயெண்ணெய், டீசல், மண்ணெண்ணெய் பூசி மினுக்குவது அன்றைக்கு மட்டும் அழகு. மறுநாள் தூசி முழுவதும் அதில் ஒட்டியிருக்கும். மினுக்கமில்லாத மாட் வர்ணம் பூசிய வண்டிகளுக்கு மெருகும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். தேய்த்த இடம் திட்டுத் திட்டாக மின்னி, பழைய நிலைக்குத் திரும்பாது.

குரோமியத்தில் விழுந்த கறள் புள்ளிக்கு வீட்டிலேயே மருந்து உண்டு. உணவு சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்யுங்கள். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. ஆகவே கீறாமல் கறளை எடுத்துவிடும். பிறகு கழுவி, உலர்த்தி, மெழுகிட மறக்க வேண்டாம். இரும்பு நார் கீறிவிடும். பித்தளைக் குத்துவிளக்கும் செம்பும் புளியாலும் தேசிக்காயாலும் பளபளப்பதைப் பார்த்து அவற்றை வண்டியின் அலுமினியத்தில் தேய்ப்போர் உளர். புளிப்பு அலுமினியத்தை அரித்து மங்கச் செய்யும். மலசலகூடம் கழுவும் அமிலத் திரவமோ இன்னும் கடுமையானது. அதை வண்டிக்கு அருகிலும் கொண்டுவர வேண்டாம். பற்றரி முனையில் பூத்த வெண்பொடிக்கு அப்பச்சோடா கலந்த நீர் நல்லது. முதலில் எதிர்முனை வயரைக் கழற்றி, துலக்கி, உலர்த்தி, மீண்டும் மாட்டியபின் சிறிது வாஸ்லின் தடவிவிடுங்கள்.

மின்னக் கூடாத இடங்கள்

டயரின் ஓடும் பரப்பு, டிஸ்க், பிறேக் பட்டை, ஆசனம், கால்மிதி, கைப்பிடி ஆகியவற்றில் மெழுகோ மினுக்கும் ஸ்பிறேயோ படக் கூடாது. டயருக்குக் கறுப்பு மினுக்கம் கொடுக்கும் திரவம் வழுக்கும் தன்மையுள்ளது. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து ஓடுவதால் டயரின் பக்கவாட்டு விளிம்பும் தரையைத் தொடும் என்பதை மறக்காதீர்கள். டிஸ்க்கில் ஒயில் பட்டுவிட்டால் துணியால் துடைத்து ஓட்டிப் பார்க்க வேண்டாம். பிறேக் கிளீனரால் சுத்தம் செய்து, பட்டையும் எண்ணெய் குடித்திருந்தால் புதிது மாற்றுங்கள். பஞ்சிகாவத்தையில் ஒரு சோடிப் பட்டைக்குச் செலவழிப்பது, விபத்தில் செலவழிவதோடு ஒப்பிட ஒன்றுமில்லை. மினுக்கிய ஆசனத்தில் பிறேக் அடிக்கும்போது பின்னாலிருக்கும் தாயும் மடியிலிருக்கும் குழந்தையும் முன்னே வழுக்குவர்.

கைகளும் வுழூவும்

வேலை முடிந்து பாங்கு சொல்லும் நேரத்தில் கை கறுத்திருக்கும். மண்ணெண்ணெயோ ஒயிலோ நஜீஸ் அல்ல. ஆடையில் பட்டதால் தொழுகை கெடாது. ஆனால் நகக்கண்ணிலும் விரல் மடிப்பிலும் கிறீஸ் கட்டியாக இருந்து தோலில் நீர் சேராமல் தடுத்தால் அதை அகற்றாமல் வுழூ நிறைவேறாது. வெறும் கறுப்பு நிறம் மாத்திரம் தங்கியிருந்தால் பாதகமில்லை. இது ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்து. கிறீஸைப் போக்கப் பெற்றோலால் கை கழுவ வேண்டாம், தோல் வெடித்துவிடும். ஒரு தேக்கரண்டி சீனியில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்து, பின் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் நகம் வரை சுத்தமாகும். வேலைக்கு முன்பே நகத்தால் சவர்க்காரக் கட்டியைச் சுரண்டிவிட்டால் கிறீஸ் நகத்துக்குள் ஏறாது. பள்ளிக்குச் செல்லுமுன் உடை மாற்றிக்கொள்வதும் அவசியம். வெங்காய நாற்றத்தோடு பள்ளிக்கு வருவதையே தவிர்க்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது; மண்ணெண்ணெய் நாற்றம் அதற்குக் குறைந்ததன்று.

கழுவிய பின் மிஞ்சுவது

வழியிலுள்ள இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என ஹதீஸில் வந்திருக்கிறது. அப்படியிருக்க, ஒயில் கலந்த நீரை ஒழுங்கையில் ஓடவிட்டு, பின்னால் வரும் சைக்கிள்காரரை வழுக்கச் செய்வது எவ்வகையில் சேரும்? கான்களில் ஊற்றும் மண்ணெண்ணெய் வெள்ளவத்தைக் கால்வாய் வழியாகக் கடலுக்குத்தான் போகிறது. பாவித்த மண்ணெண்ணெயை ஒரு போத்தலில் ஒரு நாள் வைத்தால் அழுக்கு அடியில் படியும். மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுக்கலாம். பழைய ஒயிலைப் போத்தலில் சேர்த்துக் கராஜில் கொடுங்கள்.

வாளியைக் கவிழ்த்து வையுங்கள். உறையின் மடிப்பிலும், கழற்றிப் போட்ட பழைய டயரிலும் தேங்கும் நீரில் ஒரு வாரத்தில் டெங்கு நுளம்பு பெருகிவிடும். 2017 இல் நம் நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டதை மறந்துவிட முடியாது.

எத்தனை நாளைக்கு ஒரு முறை?

காலி வீதிக்குக் கடற்பக்கம் குடியிருப்போர் பருவக்காற்றுக் காலத்தில் வாரம் இருமுறை, சவர்க்காரமின்றி ஒரு வாளி நல்ல நீரால் உப்பை மட்டும் அலசித் துடைத்தால் போதும். முழுக் கழுவல் இரு வாரத்துக்கு ஒரு தடவை. கொட்டாஞ்சேனைப் பக்கத்தவர் வாரம் ஒரு முழுக் கழுவலும், செயினுக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றருக்கு ஒரு தடவை துப்புரவும் ஒயிலும் என்று வைத்துக்கொள்ளலாம். மழையில் நனைந்த நாளில் செயினை அன்றிரவே துடைத்துவிடுங்கள். உணவு விநியோகத்தில் நாள் முழுதும் ஓடும் சகோதரர்கள் இக்கணக்கைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும்.

போயா விடுமுறைக் காலை ஒன்றில் பத்துப் பன்னிரண்டு வயது மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு இவ்வேலையைச் செய்து பாருங்கள். செயினையும் மண்ணெண்ணெயையும் நீங்கள் வைத்துக்கொண்டு, தாங்கியையும் கண்ணாடியையும் அவர்களிடம் கொடுங்கள். மூன்று வாளிக் கணக்கை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.